தபாலில் போகும் தேயிலை: பூண்டுலோயாவுக்கு என்ன மிஞ்சும்?

மலையக இளைஞர்கள் மத்தியில் அண்மைக் காலமாக அடிக்கடி எழுப்பப்படும் கேள்வி ஒன்று உண்டு. தமது பெற்றோர் பறிக்கும் கொழுந்திலிருந்து உருவாகும் தேயிலையைச் சிறு பொதிகளாகக் கட்டி, இணையத்தில் விளம்பரம் செய்து, தபால் மூலம் வெளிநாட்டுக்கு நேரடியாக அனுப்பினால் என்ன என்பதே அக்கேள்வியாகும். இடைத்தரகர் இல்லை, ஏலம் இல்லை, கப்பல் கொள்கலன் இல்லை. கேட்பதற்கு இனிப்பாகவே இருக்கின்றது. ஆயினும், பூண்டுலோயாவின் உபதபாலகங்களில் ஒன்றின் மேசையில் வைக்கப்படும் அரைக் கிலோப் பொதி, இலண்டனிலோ டுபாயிலோ ஒருவரது சமையலறையை அடையும்போது அனுப்பியவருக்கு எவ்வளவு மிஞ்சுகின்றது என்பதை எவரும் நிதானமாகக் கணக்குப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

இத்தகைய வியாபாரத்துக்கு மேலை நாடுகளில் ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் சிறு வடிசாலைகள் கைப்பக்குவமாகத் தயாரிக்கும் பியர் வகைகளை ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் பொதி செய்து அனுப்பிப் பண்டமாற்றாகப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் பல ஆண்டுகளாக நிலவி வருகின்றது. ஒரு மாநிலத்தில் மட்டுமே கிடைப்பதை இன்னொரு மாநிலத்தவர் பெறுவதற்கு அதுவே வழி. ஆனால் அந்நாட்டின் அரச அஞ்சல் சேவை மதுபானத்தை ஏற்பதில்லை. தனியார் நிறுவனங்களும் உரிமம் பெற்றவர்களிடமிருந்து மட்டுமே ஏற்கின்றன. ஆகவே பெரும்பாலான பரிமாற்றம் உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லாமலேயே நடைபெறுகின்றது. போத்தல் உடையும், வெயிலில் சுவை கெடும், பொதியின் நிறையில் மிகப் பெரும் பகுதி வெறும் தண்ணீரும் கண்ணாடியுமாகும். பொருளின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாகிவிடுவதும் உண்டு.

இலங்கையின் பியர் வரலாறும் இதே மாவட்டத்தில்தான் தொடங்குகின்றது. சர் சாமுவேல் பேக்கரின் பெயருடன் இணைத்துப் பேசப்படும் நுவரெலியா வடிசாலை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரியது. நமது வாசகர்களில் பெரும்பாலானோருக்கு அவ்வியாபாரத்தில் அக்கறை இருக்க நியாயமில்லை. மதுவை விலக்கி வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கும், மதுவினால் சீரழிந்த லயன் குடும்பங்களைக் கண்ணெதிரே கண்டவர்களுக்கும் அதை விளக்கத் தேவையில்லை. எனினும் ஓர் ஒப்பீட்டுக்கு அது உதவுகின்றது. பியரை அனுப்புபவர் தண்ணீரையும் சேர்த்து அனுப்புகின்றார். தேயிலையை அனுப்புபவர் அதை அனுப்புவதில்லை. தண்ணீர் குடிப்பவரின் வீட்டிலேயே இருக்கின்றது. 100 கிராம் பியர் இரண்டு மூன்று மிடறு. 100 கிராம் தேயிலை, கோப்பைக்கு இரண்டு அல்லது இரண்டரை கிராம் என்று கொண்டால், 40 முதல் 50 கோப்பை. உடைவதில்லை, ஒழுகுவதில்லை, எந்த நாட்டு அஞ்சல் சட்டமும் அதனைத் தடுக்கப்பட்ட திரவமாகக் கருதுவதில்லை. முறையாகப் பொதி செய்த கறுப்புத் தேயிலை இரண்டு ஆண்டுகள் வரை கெடாமல் இருக்கும். தபாலில் அனுப்புவதற்கென்றே படைக்கப்பட்ட பானம் ஒன்று உண்டென்றால் அது இதுவே எனலாம்.

ஆயினும் பூண்டுலோயாவிலிருந்து அது ஏன் அவ்வாறு போகவில்லை?

முதலில் விலைக் கணக்கைப் பார்ப்போம். சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கின்றது. ஒரு பெண் தொழிலாளி நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய அளவு 18 கிலோ என்று வைத்துக்கொண்டால், அவரது ஒரு நாள் உழைப்பு நான்கு கிலோ தேயிலையாகின்றது. 2023, 2024ஆம் ஆண்டுகளில் கொழும்பு ஏலத்தின் சராசரி விலை கிலோவொன்றுக்கு 1,200 ரூபாயை ஒட்டியே இருந்தது. அதாவது அந்த நான்கு கிலோவின் ஏலப் பெறுமதி ஏறத்தாழ 4,800 ரூபாய். தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அது 1,550 ரூபாயாக உயர்த்தப்படுமெனவும், வருகைக்கான ஊக்கத்தொகையாக மேலும் 200 ரூபாயை அரசாங்கம் வழங்குமெனவும் அறிவிக்கப்பட்டது. உற்பத்திச் செலவு ஏல விலையை விழுங்கிவிடுகின்றது என்று கம்பனிகள் ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையிலும் கூறுகின்றன. தொழிற்சங்கங்கள் அதை மறுக்கின்றன. அந்த வாதம் தனியானது. இங்கு கவனிக்க வேண்டியது, ஏலத்துக்கு அப்பால் என்ன நடக்கின்றது என்பதையே.

2024ஆம் ஆண்டில் இலங்கை சுமார் 24 கோடியே 50 இலட்சம் கிலோ தேயிலையை ஏற்றுமதி செய்து 140 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. வகுத்துப் பார்த்தால் கிலோவொன்றுக்கு ஆறு டொலரைக்கூட எட்டவில்லை. இதில் கணிசமான பகுதி மொத்தத் தேயிலையாகவே ஈராக், ரஷ்யா, துருக்கி போன்ற நாடுகளுக்குச் செல்கின்றது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடியே 10 இலட்சம் டொலர் கடனைத் தேயிலையாகவே அடைப்பதற்கு 2021 டிசம்பரில் உடன்பாடு காணப்பட்டதும் நினைவிருக்கலாம். இந்நிலையில், ஒரே தோட்டத்தின் பெயரோடு வரும் கைவினைத் தேயிலை, மேலை நாட்டுச் சிறப்புக் கடைகளில் 100 கிராம் பத்து டொலருக்கும் அதற்கு மேலும் விற்கப்படுகின்றது. அவ்விலையில் கிலோவொன்று 100 டொலர். ஏற்றுமதிச் சராசரியைப் போலப் பதினேழு மடங்கு. இளைஞர்களின் கண்ணை மறைப்பது இந்தப் பதினேழு மடங்கே.

கணக்குக்காக, 100 கிராம் பொதியைப் பத்து டொலருக்கு விற்று, அதற்குத் தபால் கட்டணம் ஆறு டொலர் ஆகின்றதென்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 16 டொலர் கொடுக்க வேண்டும். அவருடைய ஊர்க் கடையில் அதே தரமான தேயிலை 12 டொலருக்குக் கிடைத்தால் அவர் ஒருமுறை ஆசைக்கு வாங்குவார், மறுமுறை வரமாட்டார். ஆனால் ஐந்து பொதிகளை ஒன்றாக அனுப்பினால் தபால் கட்டணம் ஐந்து மடங்காவதில்லை. தபால் வியாபாரத்தின் உயிர்நிலை இதுவேயாகும்: சிறிய பொதி நட்டம், ஓரளவு பெரிய பொதி இலாபம். கடிதத் தபால் வகையைச் சேர்ந்த சிறு பொதிக்கு உலக அஞ்சல் ஒன்றியம் விதித்திருக்கும் உச்ச நிறை இரண்டு கிலோ. அந்த எல்லைக்குள் அரைக் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை வாங்கக்கூடிய வாடிக்கையாளரைக் கண்டுபிடிப்பவரே பிழைத்துக்கொள்வார். அவர் யார் என்பதில்தான் பலரும் தவறு செய்கின்றனர்.

கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவர்கள் வாங்குவார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் ஸ்காபரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் உள்ள தமிழ்க் கடைகளில் இலங்கைத் தேயிலை கொள்கலன் கணக்கில் வந்து மலிவாகவே கிடைக்கின்றது. பாலூற்றிக் கொதிக்க வைத்துக் குடிப்பவருக்கு அதுவே போதும். வளைகுடாவில் பணிபுரிவோரின் நிலையும் இத்தகையதே. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தமிழகம் சென்ற நமது உறவினர்களோ கோத்தகிரியிலும் கூடலூரிலும் தாமே கொழுந்து பறிக்கின்றனர்; அவர்களுக்குத் தேயிலை அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனவே வாங்கக்கூடியவர், பால் சேர்க்காமல் குடிப்பவர், எந்தத் தோட்டம், எந்த மாதம், யார் தயாரித்தது என்று கேட்பவர், சுவைக்காகப் பணம் கொடுக்கத் தயங்காதவர். பியரைப் பொதி கட்டி அனுப்பும் அதே வகை மனிதர் என்றும் சொல்லலாம். அவருக்குப் பூண்டுலோயா என்ற பெயரை இதுவரை யாரும் சொல்லவில்லை.

இங்கே பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பூண்டுலோயாவைச் சூழ்ந்துள்ள டன்சினன், ஷீன், ஹரோ ஆகிய தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். டன்சினன் என்பது ஸ்கொட்லாந்திலுள்ள ஒரு குன்று. ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வருவது. தேயிலைப் பெட்டியில் அச்சாவதும் அப்பெயரே. அந்தக் குன்றை ஒருநாளும் காணாதவர்கள் ஒன்றரை நூற்றாண்டாக அப்பெயரில் கொழுந்து பறித்து வருகின்றனர்.

நேரடியாக விற்கும் எண்ணம் புதியதன்று. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கேத்தலுக்கு என்று விளம்பரம் செய்தே உலகப் பணக்காரரானார். இடைத்தரகரை நீக்கியவர் தாமே மிகப் பெரிய இடைத்தரகரானார் என்பது வேறு கதை. 1980களில் மெரில் பெர்னாண்டோ ‘டில்மா’ என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் விற்கத் தொடங்கியபோது, தேயிலை விளையும் நாட்டிலேயே பொதி செய்து தன் பெயரில் விற்பது நடக்காத காரியம் என்றே பலரும் கூறினர். 2012இல் சிலிகுரியை மையமாகக் கொண்டு ஆரம்பிக்கப்பட்ட ‘டீபொக்ஸ்’ நிறுவனம், டார்ஜிலிங், அசாம் தேயிலையைப் பறித்த சில நாட்களிலேயே பொதி செய்து வெளிநாட்டு வாடிக்கையாளரின் வாசலுக்கு அனுப்புவதையே தொழிலாக்கியது. நம் நாட்டில் ஊவாவின் அம்பதண்டேகமவில் இயங்கும் அம்பா தோட்டம் கையால் உருட்டிய தேயிலையைச் சிறிய அளவில் தயாரித்து உயர்ந்த விலைக்கு விற்பதோடு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொழிலாளருடன் பகிர்ந்தும் வருகின்றது. ஆகவே முடியாத காரியமன்று. ஆனால் இவர்கள் எவரும் லயன் அறையிலிருந்து தொடங்கியவர்கள் அல்லர் என்பதும் கவனிக்கத்தக்கது.

லயன் அறையிலிருந்து தொடங்குபவருக்கு முதல் தடை கொழுந்து யாருடையது என்பதாகும். காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில் சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்கள் தமது நிலத்தில் பறித்துத் தாம் விரும்பிய தொழிற்சாலைக்குக் கொடுக்கின்றனர். நாட்டின் தேயிலையில் பெரும் பங்கு இன்று அவர்களுடையதே. நுவரெலியா மாவட்டத்தின் பெருந்தோட்டங்களிலோ நிலம் 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைத்துவத்தில் உள்ளது. தொழிலாளி பறிக்கும் இலையில் ஒரு பிடிகூட அவருக்குச் சொந்தமில்லை. எனவே பூண்டுலோயா இளைஞர் ஒருவர் விற்கக்கூடியது, தொழிற்சாலையிடமிருந்து அல்லது ஏலத்தின் மூலம் தரகர் வழியாக அவர் விலை கொடுத்து வாங்கிய தேயிலையையே ஆகும். அதில் தவறில்லை, கொழும்பின் ஏற்றுமதியாளரும் அதையே செய்கின்றார். வேறுபாடு, அவர் ஆயிரம் கிலோ வாங்குகின்றார், இவர் பத்துக் கிலோ வாங்க நினைக்கின்றார். பத்துக் கிலோ விற்க எவரும் ஆவலாக இருப்பதில்லை.

இரண்டாவது, சாதாரண பி.ஓ.பி. தேயிலையை 100 கிராம் பத்து டொலருக்கு எவரும் வாங்கமாட்டார். அதற்கு மொட்டும் இளந்தளிருமாகத் தேர்ந்து பறிக்க வேண்டும். அவ்வாறு பறித்தால் 18 கிலோ வராது. சில கிலோவே வரும். நிறையை அளவுகோலாக வைத்து, குறைந்தால் அரைப்பேர் போடும் முறையில், நுணுக்கமாகப் பறிக்கும் பெண் தண்டனைதான் பெறுவார். தனிச் சம்பள ஏற்பாடு இல்லாமல் ‘கைவினைத் தேயிலை’ என்று பேசுவது, அவரது முதுகில் இன்னொரு கூடையை ஏற்றுவதற்குச் சமமாகும். தபால் மூலம் கிடைக்கும் பதினேழு மடங்கு விலையில் எத்தனை மடங்கு அவரைச் சேரும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைக்காத எந்தத் திட்டத்தையும் நாம் வரவேற்க இயலாது.

மூன்றாவது, விதிமுறைகள். தேயிலை ஏற்றுமதிக்குத் தேயிலைச் சபையில் பதிவு அவசியம். அனுப்பப்படும் கறுப்புத் தேயிலை சர்வதேசக் குறைந்தபட்சத் தரமான ஐ.எஸ்.ஓ. 3720க்கு அமைவாக இருத்தல் வேண்டும். சிங்கச் சின்னத்தைப் பயன்படுத்த விரும்பினால், முழுவதும் இலங்கைத் தேயிலையாகவும் இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இவை நியாயமான விதிகளே. கலப்படத்தால் நாட்டின் பெயர் கெட்டால் முதலில் பாதிக்கப்படுவது தோட்டத் தொழிலாளியே. ஆனால் கொள்கலன் அனுப்புபவருக்கென வகுக்கப்பட்ட நடைமுறை, மாதம் இருபது பொதி அனுப்பும் ஒருவருக்கும் அப்படியே பொருந்த வேண்டுமா என்பதை அதிகாரிகள் சிந்திக்க வேண்டும்.

அனுப்பும் நாடுகளின் விதிகளும் ஒரே மாதிரி இல்லை. பிரித்தானியாவில் தேயிலை பூச்சியப் பெறுமதிசேர் வரிக்குரிய உணவுப் பண்டம்; அந்த வகையில் அது இலகுவான சந்தை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் எவ்வளவு சிறிய பொதிக்கும் பெறுமதிசேர் வரி அறவிடுகின்றது. 2026 ஜூலை முதல் குறைந்த பெறுமதிப் பொதிகளில் பண்ட வகைக்கு மூன்று யூரோ சுங்கம் விதிக்கவும் முடிவு செய்தது. அமெரிக்காவில் 800 டொலருக்குக் குறைந்த பொதிகளுக்கு இருந்த சுங்கச் சலுகை 2025 ஆகஸ்ட் 29ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டது. அன்றைய தினம் அந்நாட்டுக்குச் சென்ற தபால், ஒரு வாரத்துக்கு முந்திய நாளோடு ஒப்பிடுகையில் 81 சதவீதம் வீழ்ந்ததாக உலக அஞ்சல் ஒன்றியம் தெரிவித்தது. பல நாடுகளின் அஞ்சல் சேவைகள் அமெரிக்காவுக்கான பொதிகளை ஏற்பதையே இடைநிறுத்தின. அதே ஆண்டு நவம்பரில் தேயிலைக்கு மேலதிக தீர்வையிலிருந்து விலக்களிக்கப்பட்டது சற்று ஆறுதல். ஆயினும் உணவுப் பொருள் என்பதால் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவித்தல் கொடுத்தாக வேண்டும். தபாலகத்தில் முத்திரை ஒட்டிவிட்டு வீடு திரும்பும் காலம் முடிந்துவிட்டது. 2021 முதல் பொதியின் விபரங்கள் முன்கூட்டியே மின்னணு வடிவில் செல்ல வேண்டும் என்பது உலக விதி.

பணம் பெறுவதும் இலகுவானதன்று. வெளிநாட்டுச் சிறு வாடிக்கையாளர் பழகிய ‘பேபால்’ வழியே பணத்தைப் பெறும் வசதி இலங்கையருக்கு நெடுங்காலம் கிட்டாதிருந்தது. கடனட்டைக் கொடுப்பனவை வங்கி மூலம் ஏற்பாடு செய்ய, பதிவு செய்த வியாபாரமும் நிலையான முகவரியும் கேட்கப்படும்.

முகவரி. இந்தச் சொல்லில்தான் மலையகத்தின் கதை முழுவதும் அடங்கியிருக்கின்றது. தோட்டத் தொழிலாளியின் கடிதம் பல தோட்டங்களில் அவரது வாசலுக்கு வருவதில்லை. தோட்டக் காரியாலயத்துக்கு வருகின்றது. அங்கிருந்து யாரோ ஒருவர் கையில் கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும், பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் நாள் கடந்து கிடைத்த சம்பவங்கள் மலையகத்தில் பேசிப் பேசிப் பழகிவிட்டன. லயனுக்கு இலக்கம் இல்லை, வீதிக்குப் பெயர் இல்லை. தோட்டப்புறங்களில் பிரதேச சபைகள் பணிபுரிவதற்கு இருந்த சட்டத் தடையே 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர்தான் நீங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. தனி வீடு என்பது கூரை மட்டுமன்று, ஒரு முகவரியுமாகும் என்பதை வியாபாரம் செய்ய முனைபவரே முதலில் உணர்வார். திருப்பி அனுப்பப்படும் பொதி எங்கே வரும்? வங்கியின் கடிதம் யாருடைய மேசையில் திறக்கப்படும்? தபால் மூலம் உலகத்துக்கு விற்கச் சொல்லும் முன், தபால் அவரிடம் வந்து சேர வேண்டாமா?

தபாலின் நம்பகத்தன்மையும் பேசப்பட வேண்டியதே. 2025 ஆகஸ்டில் அஞ்சல் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் ஒரு வாரம் சேவைகள் முடங்கின. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைத் தாக்கியபோது கொத்மலை, நுவரெலியாப் பகுதிகளின் வீதிகளும் மலையக ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. உயிரிழந்தவர்களின் தொகையோடு ஒப்பிட்டால் தாமதமான பொதிகள் பெரிய விடயமல்ல. ஆனால் மலைச்சரிவில் இருந்து வியாபாரம் செய்பவர், மண்சரிவையும் ஒரு செலவாகவே கணக்கில் எழுத வேண்டியிருக்கின்றது.

இத்தனைக்கும் பின்னர், பயனுண்டா என்ற கேள்விக்கு எமது பதில், உண்டு என்பதே. ஆனால் தனி ஒருவருக்கு அல்ல. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்த ஒரு கூட்டுறவுக் குழு, அவர்களுக்கு மாதம் ஐம்பது அறுபது கிலோ தேர்ந்த தேயிலையைத் தனியாகத் தயாரித்துக் கொடுக்க இணங்கும் ஒரு தொழிற்சாலை, நகரில் ஒரு பதிவு முகவரி, இம்மூன்றும் இருந்தால் கணக்கு நிற்கின்றது. முகவரிக்கும் முதலுக்கும் தூரம் போகத் தேவையில்லை. பூண்டுலோயா, தலவாக்கலை, அட்டன் கடைத்தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்துவரும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களிடம் களஞ்சியமும் வங்கிப் பழக்கமும் வெளிநாட்டுத் தொடர்பும் உள்ளன. அவர்களிடம் இல்லாதது, தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்லவும் வாடிக்கையாளருடன் அவரது மொழியில் உரையாடவும் கூடிய இளையவர்கள். அந்த இளையவர்கள் கொழும்பின் உணவகங்களிலும் துணிக்கடைகளிலும் வேலை தேடி அலைகின்றனர்.

இதனால் தோட்டத்தின் சம்பளப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று யாராவது மேடையில் பேசினால் நம்ப வேண்டாம். மாதம் ஐம்பது கிலோ என்பது ஒரு தொழிற்சாலையின் ஒரு நாள் உற்பத்தியில் சிறு துளி. இருபது குடும்பங்களுக்கு மேலதிக வருமானம் கிடைக்கலாம். பூண்டுலோயா என்ற பெயர் ஆயிரம் பேரின் அலமாரியில் இருக்கலாம். டார்ஜிலிங் தேயிலை 2004இல் இந்தியாவின் முதலாவது புவியியல் குறியீடாகப் பதிவு பெற்றது. நமது கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பாதுகாப்பைப் பெற்றது. பெயருக்கு விலை உண்டு என்பதற்கு இவையே சான்று.

தொடங்க எண்ணுபவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். தேயிலை மணத்தை ஈர்க்கும் பண்டம். சவர்க்காரமோ மசாலாவோ வைத்த அறையில் ஒரு இரவு இருந்தாலே பாழாகும். ஈரப்பதன் ஏழு சதவீதத்தைக் கடந்தால் சுவை போய்விடும். ஆகையால் அலுமினியத் தாள் பூசிய உறையில் காற்று வெளியேற்றி அடைக்க வேண்டும். மழைக்காலத்தில் பொதி செய்வதைத் தவிர்ப்பது நன்று. முதல் ஆண்டில் பிரித்தானியா போன்ற ஒரே ஒரு நாட்டை மட்டும் தேர்ந்து அதன் விதிகளை முழுமையாகப் படிப்பது, ஐந்து நாடுகளுக்கு அரைகுறையாக அனுப்புவதைவிட மேலானது. அரைக் கிலோவுக்குக் குறைந்த கட்டளையை ஏற்காதிருக்கலாம். மேற்குச் சரிவுத் தோட்டங்களின் சிறந்த தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட, குளிர்ந்த வாரங்களிலேயே கிடைக்கின்றது. அந்தப் பருவத்தில் அனுப்ப வேண்டுமானால், தேயிலைச் சபைப் பதிவு, வங்கிக் கணக்கு, தொழிற்சாலையுடனான உடன்பாடு ஆகிய மூன்றையும் தீபாவளிக்கு முன்னரே முடித்திருத்தல் வேண்டும்.